இழையின் முகத்தில் விழுந்த கீறல்

கேபிளுக்குத் தலை போடுகிற வேலையில் முதல் பாடம், கை ஆடக்கூடாது என்பது. எனக்குக் கை மட்டுமல்ல, கால், தோள், நாக்கு எல்லாமே ஆடும். பள்ளிக்கூடத்தில் நான் இருந்தால் வாங்குப் பலகையே ஆடுகிறது என்று பக்கத்துப் பிள்ளை முறையிட்டு, என்னைத் தனிக் கதிரையில் இருத்தினார்கள். அப்படிப்பட்டவள் தலைமயிர் தடிப்பில் இருக்கும் கண்ணாடி இழையைப் பிடித்து, அதன் நுனியைத் தேய்த்து மினுக்கிப் பிழைக்கிறேன் என்பதை அம்மா இன்னமும் முழுதாக நம்பவில்லை. "உனக்கு ஆரடி உந்த வேலையைத் தந்தது?" என்று கேட்பார்.

தந்தது கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. அங்கே பல வருடம் இருந்தேன். அண்ணை மோட்டார்சைக்கிளில் போகும்போது லொறி அடித்துச் செத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு என்று எங்கள் ஊரான இணுவிலுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. வீட்டில் அம்மாவும், அண்ணையின் மனைவியான என் மச்சாளும் மட்டும்தான் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் ஏலவில்லை. வெங்காயம் கட்டித் தொங்கவிட்ட பின்னறையைக் கழுவி, யன்னல் இடுக்குகளை அடைத்து, பட்டறை ஆக்கினேன்.

வீட்டு இணையப் பெட்டிக்கும் சுவரில் பூட்டிய பெட்டிக்கும் நடுவே ஒரு மஞ்சள் நிறச் சின்னக் கேபிள் ஓடுமே, அதுதான் நாங்கள் செய்வது. உள்ளே ஒரு கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் ஓடும். இரண்டு நுனியிலும் பெட்டிக்குள் செருகுகிற தலை. ஊரில் எல்லாரும் நான் ரீவி திருத்துகிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். இரண்டு பேர் பழைய ரீவியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மச்சாள் முதலில் தேத்தண்ணி கொண்டுவந்துதான் அந்த வாசலில் நின்றாள். உள்ளே தேத்தண்ணிக்கு இடமில்லை என்று சத்தம் போட்டேன். அவள் கோப்பையை வெளியே வைத்துவிட்டு, போகாமல் நின்று பார்த்தாள். அடுத்த நாளும் நின்றாள். மூன்றாவது முறை, "ஒருக்கா நான் செய்து பாக்கட்டோ?" என்று கேட்டாள். சட்டை தைத்துப் பழகிய கை. நான் மாதக்கணக்கில் படித்ததை அவள் அந்தக் கிழமையே பிடித்துக்கொண்டாள். எனக்கு எரிச்சலும் வந்தது, சந்தோசமும் வந்தது.

இந்த வேலையைப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இழையின் மேற்பூச்சை உரித்தால் உரித்ததுதான். பிறகு விரலால் தொடக்கூடாது, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். ஒட்டுப்பசை இரண்டு பகுதியாக வரும்; இரண்டையும் கலக்கும்போது அடித்துக் கலக்கக்கூடாது, குமிழி நின்றுவிடும். மெதுவாக மடித்து மடித்துக் கலக்க வேண்டும். அதைத் தலையின் நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைப் பீங்கான் குழலுக்குள் ஏற்றி, இழையைச் செருகி, வெளியே எட்டிப்பார்க்கும் நுனியைச் சுற்றி ஒரு துளி பசை பாசிமணிபோல நிற்க விட வேண்டும். அந்த மணி இல்லாவிட்டால் தேய்க்கும்போது இழை உடைந்து பள்ளம் விழும். பிறகு சூட்டடுப்பில் நிமிர்த்தி வைத்து இறுக விட வேண்டும். அடுப்பு நடுவழியில் இருக்கும்போது கறண்ட் போனால் அந்தத் தட்டை அப்படியே எறிய வேண்டியதுதான். எங்கள் பகுதியில் கறண்ட் சொல்லிக்கொண்டா போகிறது?

சூடு ஆறும்வரை தொடக்கூடாது என்பது எனக்கு மிகவும் கஷ்டம். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காது என்று அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்வார். ஆறிய பின் வெட்டுப் பேனாவால் இழையில் ஒரே ஒரு கோடு, அதுவும் பூனை மீசை பட்டதுபோல. பிறகு நேராக இழுத்தால் கழன்று வரும். வளைத்து முறித்தால் உள்ளே வெடிக்கும். கழன்ற துண்டை ஒட்டுநாடாவில் ஒட்டி எடுத்துப் போத்தலில் போட வேண்டும். காலில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, வேதனையும் போகாது.

அதற்குப் பிறகுதான் தேய்ப்பு. முதலில் தேய்ப்புத் தாளைக் கையில் தூக்கிப் பிடித்து, நீட்டி நிற்கும் மிச்சத்தை மெல்லத் தடவி எடுப்பது. பிறகு இறப்பர் மெத்தையின் மேல் தாளை விரித்து, தலையை ஒரு வட்டத் தட்டில் பூட்டி, எட்டு இலக்கம்போலச் சுழற்றி எட்டுப் போடுவது. சொரசொரத் தாளில் தொடங்கி, மெல்லிய தாளுக்கு, அதைவிட மெல்லிய தாளுக்கு. ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் துடைக்க வேண்டும். துடைக்காமல் போனால் முதல் தாளின் மணல் அடுத்த தாளுக்குப் போகும். கடைசித் தாளில் அழுத்தவே கூடாது, தட்டின் பாரமே காணும். பிறகு நுணுக்குக்காட்டியில் வைத்தால் இழையின் முகம் தெரியும். சாம்பல் வட்டம், நடுவில் சின்னப் பொட்டாக வெளிச்சம் ஓடும் இடம். அந்த முகத்தில் ஒரு கீறலும் இருக்கக்கூடாது. கீறல் இருந்தால் வெளிச்சம் வந்த வழியே திரும்பி ஓடும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு பாடத்தைத் தொழிற்சாலையில் யாரும் சொல்லித் தரவில்லை. தாளை நனைக்கக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கக்கூடாது. இணுவில் தண்ணீர் குடிக்க நல்லது. ஆனால் நிலமே சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படிவது இழையின் முகத்திலும் படியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பெட்டி தலைகள் பழுதாயின. இப்போது கார்ப் பற்றரிக்கு விடுகிற தண்ணீரைக் கடையில் வாங்குகிறேன்.

கொழும்பில் ஒரு கொம்பனி மாதிரி கேட்டபோது இவ்வளவும் பழகி முடிந்திருந்தது. மாதிரி சரியென்றால் மாதாமாதம் வேலை வரும். சரிவராவிட்டால் என்ன என்பதும் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் பழைய தொழிற்சாலைக்குத் திரும்புவேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். வீடு பூட்டப்படும். எங்கள் வழக்கில் வீடு பெண்பிள்ளைக்குத்தான்; அதனால் அது என் பேரில் இருந்தது. அண்ணை இல்லாத பிறகு மச்சாளுக்கு அங்கே என்ன உரிமை என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் அந்தக் கேள்வி இருந்தது. உடுப்பிட்டியில் அவளுடைய தமையன் இருக்கிறார். நல்ல மனிதர். வந்தால் அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, குசினியில் தமையன் மனைவிக்கு உதவியாக இருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். "எப்ப வாறாய்?" என்று கேட்பார். "பாப்பம் அண்ணை" என்பாள். அவர் போன பின் என்னிடம் ஒருமுறை சொன்னாள்: "அங்கை போனா நான் சாகுமட்டும் ஆருக்கோ தேங்காய் துருவிக்கொண்டுதான் இருக்கோணும்."

மாதிரி செய்யத் தொடங்கிய நாட்களில் ஊர்க் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறியது. மச்சாள் விரதம். விடியக் குளித்துக் கோயிலுக்குப் போய், வந்த கையோடு பட்டறைக்குள் வருவாள். தேய்ப்பு முழுக்க அவளுடையது. எனக்குப் பசையும் அடுப்பும் வெட்டும். முதல் பெட்டியைப் பஸ்ஸில் அனுப்பினேன். சில நாளில் அந்தக் கொம்பனியின் கொழும்பு ஆள் போன் எடுத்தார்.

"மிஸ், பாதிக்கு மேல கீறல் இருக்கு. இன்னொரு தடவை அனுப்புங்க. அதுவும் இப்பிடி வந்தா நாங்க வேற இடம் பாப்போம்."

நாங்கள் அனுப்பும்போது பார்த்துத்தான் அனுப்பினோம். ஆனால் என்னுடைய நுணுக்குக்காட்டி பழசு. அவருடையது காட்டியதை அது காட்டவில்லை. பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், நான் முன்பு படித்த தொழில்நுட்பக் கல்லூரியில் கெஞ்சி ஒரு நல்லதை இரவலாக வாங்கி வந்தேன். மிச்சம் இருந்த தலைகளை வைத்துப் பார்த்தேன். மெல்லிய நீளக் கீறல்கள், பென்சிலால் இழுத்ததுபோல.

அதற்குப் பிறகு நான் வீட்டில் மனுசியாக நடமாடவில்லை. தாள் பழுது என்றேன், புதுத் தாள் வந்தது, கீறல் போகவில்லை. செம்மண் புழுதி என்றேன், கதவுக்கு ஈரச் சாக்குத் தொங்கவிட்டேன். தண்ணீர் என்றேன், துணி என்றேன், மின்விசிறி என்றேன். விசிறியை நிறுத்தியதில் இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது, கீறல் இன்னும் கூடியது. அம்மா முற்றம் கூட்டினால் ஓடிப்போய் விளக்குமாற்றைப் பறித்தேன். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்தவரோடு வேலிக்கு மேலால் சண்டை பிடித்தேன். அந்த மனிதர் பாவம், தன் வெங்காயத்துக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தார்.

கடைசியில் நானே தேய்த்துப் பார்த்தேன். அதே தாள், அதே தண்ணீர், அதே மேசை. என்னுடைய ஆடுகிற கையால் போட்ட எட்டு கோணல். முகத்தின் வளைவு சரியில்லை. ஆனால் கீறல் இல்லை. மச்சாள் தேய்த்தாள். வளைவு அச்சொட்டு. கீறல் இருந்தது.

அவள் நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "அப்ப என்ரை கையிலைதானே பிழை?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"நீர் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கண் இருக்கு."

அன்று பின்னேரம் அவள் உடுப்பிட்டிக்குப் போன் எடுத்ததைக் கேட்டேன். அடுத்த மாதம் வரட்டோ என்று தமையனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணை செத்தபோதுகூட அவள் குரல் அவ்வளவு சிறுத்துப் போகவில்லை.

அடுத்த நாள் ஒரு கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு, அவள் கையை மட்டும் பார்த்தேன். கையில் ஒரு குறையும் இல்லை. தலைக்குத் தொப்பி, வாய்க்குக் கவசம், கைக்கு உறை, எல்லாம் ஒழுங்கு. அவள் தட்டை எட்டாகச் சுழற்றிக்கொண்டு, புழுக்கத்தில் முகத்தைச் சுளித்து, புருவத்தை ஏற்றி இறக்கினாள். தொப்பிக்கும் கவசத்துக்கும் நடுவே திறந்து கிடந்த நெற்றியில் மூன்று பட்டையாகத் திருநீறு, காலையில் பூசியது, காய்ந்து வெடித்திருந்தது. கறுப்பு மெத்தையின் ஓரத்தில் ஏதோ வெள்ளையாக விழுந்தது. விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். கோயில் மணத்தது.

மத்தியானம் அவள் படுத்த பின், சுவாமியறைக்குள் போய் ஒரு சிட்டிகை திருநீறு எடுத்துவந்து, பட்டறைக் கதவைச் சாத்தினேன். ஏதோ பாவம் செய்வதுபோல இருந்தது. புதுத் தாளில் அதைத் தூவிவிட்டு ஒரு நல்ல தலையைத் தேய்த்தேன். நுணுக்குக்காட்டியில் அதே கீறல், அதே பென்சில் கோடு. சாணம் சுட்ட சாம்பல்தானே. பித்தளை விளக்கு மினுக்கச் சாம்பல் எடுக்கிற ஊரில் பிறந்துவிட்டு, இது எனக்கு உறைக்கவில்லை. என் தலைகள் தப்பியதற்கும் காரணம் விளங்கியது. நான் சுவாமியறைப் பக்கமே போகாமல் ஓடுகிறவள். என் நெற்றியில் திருநீறு ஏறுவதென்றால் அம்மா துரத்திவந்து பூச வேண்டும்.

கண்டுபிடித்தேன் என்று கூத்தாட வேண்டியவள் நான். ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மனதில் பட்டதை எல்லாம் யோசிக்காமல் கொட்டுகிற எனக்கு அன்றைக்கென்று வாய் வரவில்லை. அவள் எழும்பி முகம் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மச்சாள், இனி உள்ளை வரேக்கை முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ."

"காலமைதானே தலைமுழுகினனான்."

"அதில்லை. நெத்தியை."

"திருநீறோ? அதோ கீறினது?"

"ஓம். உங்கடை கையிலை ஒரு பிழையும் இல்லை."

நான் எதிர்பார்த்தது சந்தோசம். அவள் கை தானாக நெற்றிக்குப் போய் அதை மூடிக்கொண்டது. குசினி வாசலில் நின்ற அம்மாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

"என்னடி கதைக்கிறாய்? விரதகாரியைத் திருநீறை அழிக்கச் சொல்லுறியோ? அவளுக்கு நெத்தியிலை இருக்கிறது உது ஒண்டுதானே!"

அதுதான் எனக்கும் தெரியும். அண்ணையின் செத்தவீட்டில் அவளுடைய குங்குமத்தை அழித்தவர்களில் அம்மாவும் ஒருவர். அழித்துவிட்டு அம்மா சுவரில் தலையை மோதி அழுதார். அன்றிலிருந்து மச்சாள் திருநீற்றைத்தான் நெற்றி நிறையப் பூசுவாள். வெறும் நெற்றியோடு அவளை யாரும் கண்டதில்லை.

மச்சாள் கிணற்றடிக்குப் போனாள். வாளி விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் முகம் எனக்குப் பிடிபடவில்லை. யாரோ புது ஆள் வந்ததுபோல இருந்தது. தேய்த்தாள். கீறல் இல்லை. அடுத்ததிலும் இல்லை. எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

அந்தக் கிழமை முழுக்க வேலை நன்றாக நடந்தது, வீடு நன்றாக இல்லை. காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கூப்பிட்டால் அவள் வெளியே போகமாட்டாள். தேத்தண்ணி நேரத்துக்குச் சுவாமியறைக்கு ஓடிப்போய்ப் பூசுவாள், பத்து நிமிடத்தில் கிணற்றடியில் கழுவுவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நான் பார்க்கவில்லை. கழுவிக் கழுவி நெற்றித் தோல் சிவந்திருந்தது. "விடுங்கோ மச்சாள், மிச்சத்தை நான் தேய்க்கிறன்" என்றேன். "உம்மடை கோணல் எட்டைக் கண்டா அந்த மனுசன் போனிலையே சிரிப்பார்" என்றாள். அந்தக் கிழமை அவள் சொன்ன ஒரே பகிடி அதுதான்.

பெட்டி அனுப்புவதற்கு முதல் நாள் நான் பசை கலந்துகொண்டிருந்தேன். அவள் உள்ளே வந்து தொப்பி போட்டுக்கொண்டு இருந்தாள். நிமிர்ந்தேன். நெற்றியில் ஒரு ஒட்டுப்பொட்டு. சின்னது, கறுஞ்சிவப்பு. பசைக் குச்சியை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

"உம்மடை முகம் பாக்கிற கண்ணாடியிலை ஒட்டிக் கிடந்ததிலை ஒண்டு எடுத்தனான்" என்றாள் தட்டைப் பார்த்தபடி. "உது கொட்டாது. வேலை செய்யிற நேரம் மட்டும்தான்."

அண்ணை இருந்த காலத்து முகம் எனக்கு முன்னால் இருந்தது. அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். அம்மா கண்டால் என்ன நடக்கும் என்று பயமும் வந்தது. பசை இறுகிப் போனது. வேறு கலந்தேன்.

மத்தியானம் அம்மா கண்டார். வாசலில் நின்று பார்த்துவிட்டுக் குசினிக்குத் திரும்பினார். அன்று அவர் சாப்பிட்டாரா தெரியாது. பின்னேரம் மச்சாள் பொட்டைக் கழற்றிக் கதவு நிலையில் ஒட்டிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு அது பட்டறைச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. உள்ளே போகும்போது தொப்பி, கவசம், உறை, பொட்டு. வரும்போது எல்லாம் கழற்றல். அம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மா பேசாமல் இருப்பதைப் போல என்னைப் பதறவைப்பது வேறொன்றும் இல்லை.

பெட்டி போன பிறகு காத்திருந்த நாட்களை நான் சொல்லத் தேவையில்லை. போனைக் குளியலறைக்கும் கொண்டுபோனேன். ஒரு காலை கொழும்பு ஆள் எடுத்தார்.

"மிஸ், ஒண்டுலயும் கீறல் இல்ல. யார் பொலிஷ் பண்றது?"

"என்ரை மச்சாள்."

"அவங்கள விட்டுடாதீங்க."

மச்சாள் பக்கத்தில்தான் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. உறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று உடுப்பிட்டிக்கு எடுத்தாள். "அண்ணை, நான் வரேல்லை. ஓம். எனக்கு இஞ்சை வேலை இருக்கு. இல்லை அண்ணை, ஒருத்தரும் மறிக்கேல்லை. எனக்கு வேலை இருக்கு." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு வைத்துவிட்டு, பாயாசம் வைப்போம், சீனி முடிந்துவிட்டது, சந்திக்கடைக்குப் போய்வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் நுணுக்குக்காட்டியை மூடிவைத்து, வெளியே வரும்போதுதான் கதவு நிலையைப் பார்த்தேன். பொட்டு அங்கே இல்லை. அதோடே போய்விட்டாள். ஒழுங்கை முழுக்க வீடுகள், சந்தியில் முழு ஊரும் நிற்கும் நேரம். வாசல் படலைக்கு ஓடினேன். ஆள் தெரியவில்லை. அம்மா படலைக்குப் பக்கத்தில், முருங்கைக்காய் முறிக்கக் கொக்கத்தடியோடு நின்றார். அவள் அவரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

"அம்மா, மச்சாள் பொட்டோடை போயிட்டா. நீங்கள் காணேல்லையோ?"

"கண்டனான்."

"கண்டா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தானே!"

அம்மா கொக்கத்தடியைக் கொப்பில் மாட்டினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாக்க வடிவாத்தான் போனவள்" என்றார். "நான் ஏன் கூப்பிடோணும்?"